திருப்பித் தர வேண்டாத டப்பா

மீன் வாங்கப் போகும்போது யாராவது கனவு காண்பார்களா? நான் காண்பேன்.

இந்த ஆனி மாதம் ஒரு காலை. சாரல் விட்டும் விடாமலும் விழுந்துகொண்டிருந்தது. தாடகை மலை பாதிதான் தெரிந்தது, மீதியை மேகம் வைத்துக்கொண்டிருந்தது. நான் கையில் ஒரு தூக்குவாளியோடு பூதப்பாண்டி சந்தைக்கு நடந்துகொண்டிருந்தேன். இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் – நான் பிளாஸ்டிக் கவரை விட்டு ஆறு மாதம் ஆகிறது. காய்க்குத் துணிப்பை, மாவுக்குச் சம்படம், மீனுக்கு மூடி போட்ட பாத்திரம். இதைப் பற்றி உங்களிடம் எத்தனை வாரம் பீற்றிக்கொண்டேன் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

குளத்தங்கரை வழியாகப் போனால் ஐந்து நிமிடம் சுற்று. ஆனாலும் அந்த வழியாகத்தான் போவேன். தாமரை இலைகளில் மழைத்தண்ணீர் உருண்டு உருண்டு நிற்கும். ஒற்றைக் கொக்கு எனக்கு முன்னாலேயே வந்து வேலையைத் தொடங்கியிருக்கும். அங்கே வந்ததும் என் கால் மட்டும் நடக்கும், புத்தி எங்கேயோ போய்விடும்.

அன்றைக்கும் போனது. சானலில் – எங்கள் ஊரில் கால்வாயை அப்படித்தான் சொல்வோம் – ஒரு கவர்கூட மிதக்காமல் தண்ணீர் ஓடுகிறது... அடியில் மணல் தெரிகிறது... நான் படித்துறையில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்... ஊரே கையில் பாத்திரத்தோடு சந்தைக்குப் போகிறது... போகிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைக்கிறார்கள். கனவிலும் எனக்குக் கொஞ்சம் பெருமை வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

சந்தையில் கடற்கரையிலிருந்து வருகிற ஜெசிந்தா அக்காவிடம் சாளை மீன் வாங்கினேன். வள்ளம் என்கிற சிறு படகில் பிடித்தது, மினுமினுப்பு போகவில்லை. கவர் மிச்சம் என்று வழக்கம்போல இரண்டு மீன் கூடப் போட்டார். அதே மிதப்பில் வீடு திரும்பினேன்.

பக்கத்து வீட்டு பகவதி அக்கா மதிலோரம் செம்பருத்தி பறித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவருக்கும் இருபத்திரண்டு வருடப் பழக்கம். சைவக் குடும்பம், அவர் வீட்டு வாசற்படியை முட்டைகூடத் தாண்டியதில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தவர், என் கையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். நானும் குனிந்து பார்த்தேன். தூக்குவாளியின் கழுத்தில் எழுத்து வெட்டியிருந்தது. சு. பகவதி.

"அது எனக்க தூக்குல்லா? உள்ள என்னது மக்கா?"

சாளை என்றேன். வேறு என்ன சொல்ல?

நடந்தது இதுதான். இரண்டு நாளைக்கு முன்னால் அந்தத் தூக்கில்தான் அக்கா பாயசம் கொடுத்திருந்தார். எங்கள் பக்கத்தில் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்ப மாட்டோம். எங்கள் வீட்டில் சமைத்ததை அவர் சாப்பிட மாட்டார் என்பதால் முருங்கைக்காய், மாங்காய் என்று மரத்திலிருந்து பறித்ததைப் போட்டுக் கொடுப்பேன். மாங்காய் கொஞ்சம் விளையட்டும் என்று அந்தத் தூக்கு சமையல் மேடையில் காத்திருந்தது. அதற்குப் பக்கத்தில் என் மீன் பாத்திரம். காலையில் அரைத் தூக்கத்தில் கை மாறிவிட்டது. கவரில் மீன் வாங்குகிற ஒருத்திக்கும் இந்தத் தவறு நேராது. இதற்கு என்னைப் போல ஒரு சுற்றுச்சூழல்காரி வேண்டும்!

தேய்த்துத் தருகிறேன் என்றேன். கொதிக்க வைத்துத் தருகிறேன் என்றேன். அக்கா கோபப்படவில்லை. "வேண்டாம், நீயே வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையோடு உள்ளே போனார். அவருடைய கல்யாணச் சீரில் வந்த தூக்கு அது. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்கு அன்று சோறு இறங்கியிருக்கும்.

அதன்பிறகு மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு குறைந்தது. மழை வருமா, கரண்ட் எப்போது போச்சு... அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடம் பேசிய இரண்டு பேருக்கு இது எம்மாத்திரம்?

ஆடி பிறந்தது. ஆடிச் செவ்வாய்தோறும் ஔவையார் அம்மனுக்கு எங்கள் பகுதிப் பெண்கள் கொழுக்கட்டை அவிப்பார்கள்; அன்று முதல் செவ்வாய். ஒவ்வொரு ஆடியிலும் பகவதி அக்காவின் கொழுக்கட்டையில் எனக்குப் பங்கு உண்டு. இந்தத் தடவை வருமா? மதிலோரம் போய் நிற்க வெட்கமாக இருந்தது. வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து காதை மட்டும் வெளியே வைத்திருந்தேன்.

வந்தது. ஹோட்டலில் குருமா கட்டித் தருவார்களே, அந்த வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவில் வந்தது. மதிலுக்கு மேலே நீட்டியபடி அக்கா சொன்னார்: "டப்பாவத் திருப்பித் தரண்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆறு மாதமாக பிளாஸ்டிக்கைப் பற்றி எழுதிய எனக்கு அன்றைக்குத்தான் அது என்ன பொருள் என்று புரிந்தது. மண்ணுக்குக் கேடு, கடலுக்குக் கேடு – எல்லாம் உண்மைதான். ஆனால் கடைக்காரர் அதை எதற்காக விற்கிறார்? திருப்பித் தர வேண்டாம் என்பதற்காக. கழுவ வேண்டாம், நினைவு வைக்க வேண்டாம், இன்னொரு தடவை அந்த வாசலுக்குப் போகவும் வேண்டாம். நாம் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதெல்லாம் சேர்ந்துதான் சானலில் மிதக்கிறதோ?

டப்பாவைக் கழுவி ஜன்னலில் கவிழ்த்தேன். சாரல் ஓய்ந்து ஒரு மஞ்சள் வெயில் வந்தது. டப்பா வழியாக வந்த வெளிச்சம் சுவரில் பால் மாதிரி விழுந்து அசைந்தது. அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ... தெருவிலுள்ள மதில்களுக்கு மேலே சம்படங்களும் தூக்குகளும் தானாகவே போவதும் வருவதுமாக இருந்தன. ஒன்றில் ரசம், ஒன்றில் அவியல், ஒன்றில் வெறும் கறிவேப்பிலை. எதுவும் சிந்தவில்லை. எந்த வீட்டிலும் எதுவும் தங்கவில்லை.

அடுப்பில் பால் பொங்கி என்னை எழுப்பியது.

மறுநாள் குளித்துவிட்டுத் தோட்டத்தில் பிச்சி மொட்டு பறித்தேன். டப்பா நிறையப் போட்டு மூடி மதிலோரம் போய்க் கூப்பிட்டேன். அக்கா வந்தார். டப்பாவைப் பார்த்ததும் முகம் மாறியது.

"தரண்டாம்னு சொன்னேம்லா?"

"கேட்டேன்க்கா. எனக்கு வச்சுக்கிட முடியல."

வாங்குவாரா மாட்டாரா என்று தெரியவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. பிறகு மெதுவாக வாங்கினார். மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். திரும்ப மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

இரண்டாவது செவ்வாய், கொழுக்கட்டை அதே டப்பாவில் வந்தது. மூடியில் பிச்சி வாசனை இன்னும் போகவில்லை. மறுநாள் நெல்லிக்காய் போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது செவ்வாயில் மூடி விரிசல் விட்டு, வாழைநாரால் கட்டி வந்தது. ஒருதரம் பயன்படுத்தித் தூக்கிப் போட என்று செய்த டப்பா பாவம், எத்தனை தடவைதான் மதில் ஏறும்? பேச்சு மட்டும் மழையும் கரண்டுமாகவே இருந்தது.

நான்காவது செவ்வாய், போன வாரம். மதிலோரம் அக்கா இரண்டு கையாலும் டப்பாவை ஏந்திக்கொண்டு நின்றார். கொழுக்கட்டைச் சூட்டில் அடி பிளந்து, ஒரு கொழுக்கட்டை ஏற்கெனவே செம்பருத்திச் செடிக்குள் போயிருந்தது. மீதியை அவசரமாக என் முந்தானையில் வாங்கிக்கொண்டேன். உடைந்த டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனி எதுல தர?" என்றார். "மீன் தொடாத பாத்திரம் ஒண்ணு உனக்க வீட்டுல இருக்கா?"

நான் என் சமையலறையை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். இட்லிக் கொப்பரைகூடத் தப்பவில்லை. அதில் நண்டு அவித்திருக்கிறேன். பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"ஒண்ணுமே இல்லக்கா."

அக்கா உடைந்த டப்பாவை மதில்மேல் வைத்தார். வாசற்படியை முட்டை தாண்டாத வீட்டுக்காரர். மீன் பட்ட பாத்திரத்தைத் தொடுவது அவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே பேசினார்.

"சரி, எனக்க தூக்கயே எடு. நல்லா தேச்சி, வெயிலுல கவுத்தி வச்சிக் கொண்டா."

இந்த வாரம் எங்கள் வீட்டில் குழம்பு இல்லை. இருந்த புளி முழுவதும் ஒரே தூக்கைத் தேய்க்கவே போய்விட்டது.