எல்கடுவைக்குப் போன ஆறு கோப்பைகள்

2007ஆம் ஆண்டு, ஒரு வியாழக்கிழமை. காலை ஐந்தரைக்குக் கொழும்பு புறக்கோட்டையில் மாத்தளை பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்றிருபது ரூபாய். மடியில் ஒரு துணிப்பை; அதற்குள் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஆறு பிளாஸ்டிக் கோப்பைகள். தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு, இன்னதென்று ஒரு வரியில் சொல்ல முடியாத சாமானையும் தூக்கிக்கொண்டு பயணம் போவது போர் நடந்துகொண்டிருந்த அந்த வருடத்தில் புத்திசாலித்தனமான காரியமல்ல. கேட்டால் சிங்களத்தில் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கோப்பையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பொருள்களை வடிவமைப்பது என் வேலை. இது சின்னக் குழந்தைகளுக்குப் பால் புகட்டும் கோப்பை. சூட்டுக்கு நிறம் மாறும் சாயம் இதன் பிளாஸ்டிக்கில் கலந்திருக்கிறது. ஆறின பாலை ஊற்றினால் கரும்பச்சையாகவே இருக்கும். வாய் வெந்துபோகிற சூட்டில் ஊற்றினால் சிவந்துவிடும். மேலதிகாரி இதை ‘அறிவுள்ள பிளாஸ்டிக்’ என்பார். ஒன்றரை வருடம் இதோடு மாரடித்திருக்கிறேன். வீட்டில் என் ஐந்து வயது மகளிடம் காட்டியபோது, கோப்பை சிவந்ததும் “நில்!” என்று கத்தினாள். வெள்ளவத்தையில் எங்கள் சந்தியிலேயே சிக்னல் விளக்கு இருக்கிறது. இனி ஒரு தேயிலைத் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில் சோதித்து, சரி என்று நான் சொன்னால் மறுநாளே உற்பத்திக்கான அச்சு வெட்டத் தொடங்குவார்கள். சரிவராவிட்டால் ஒன்றரை வருடமும் வீண், என் வேலையும் சந்தேகம்.

6.20. கடவத்தை சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். என் அட்டையைப் பார்த்த சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். “மே மொனவத?” இது என்ன என்று கேட்கிறான். ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போயிற்று. குழந்தைக் கோப்பை, சூடு பட்டால் நிறம் மாறும் என்று திக்கித் திணறிச் சொன்னேன். அவன் நம்பவில்லை. தன் பிளாஸ்கிலிருந்து தேநீரை ஒரு கோப்பையில் ஊற்றினான். அது சிவந்ததும் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு பின்வாங்கினான். அதைப் பார்த்து இன்னொரு சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கினான். கோப்பை வெடிக்கவில்லை, கோப்பையாகவே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கே சிரிப்பு வந்து, மறுபடி இரண்டு தடவை ஊற்றிப் பார்த்தார்கள். பஸ்ஸில் ஏறியபோது தாமதத்துக்கு நான்தான் காரணம் என்று அத்தனை பேரும் முறைத்தார்கள். எனக்கோ அந்தப் பயத்திலும் ஓர் அற்பச் சந்தோஷம். சிவப்பைக் கண்டதும் கையை இழுத்தானே, என் கோப்பை தேறிவிட்டது!

10.50. மாத்தளை. முத்துமாரியம்மன் கோயிலுக்கு அருகில் ஓர் ஆட்டோ பிடித்தேன். தோட்டம் இருக்கும் எல்கடுவைக்கு அறுநூறு ரூபாய். ஓட்டுநர் அந்த ஊர் முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும்.

“தோட்டத்துல யாரு மிஸ் இருக்காங்க?”

“யாருமில்ல. வேலையா போறேன்.”

“போற எடத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க. போன வாரமும் ஆமிக்காரங்க லயத்து வீடுகள்ல பூந்து ரெண்டு பொடியன்கள ஏத்திக்கிட்டுப் போனாங்க. புது ஆளுன்னா எல்லாருக்கும் பயம்.”

உக்குவளையைத் தாண்டியதும் பாதை மேலே மேலே ஏறியது. ஒரு பக்கம் மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், மறுபக்கம் தேயிலை. பார்க்க அழகுதான். ஆனால் வளைவுக்கு வளைவு யாராவது மறிப்பார்களோ என்று பார்ப்பதிலேயே என் கண் போயிற்று.

12.10. பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்கிற அறையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். தோட்ட மேலாளரான துரையிடம் முன்பே அனுமதி வாங்கியிருந்தோம். பன்னிரண்டு குழந்தைகள், அவர்களைப் பார்த்துக்கொள்ள செல்வி என்ற பெண். வயது முப்பதுக்குள். மடித்த சேலை, வேகமான கை.

எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. பொருளைக் கொடு, விளக்கம் சொல்லாதே, தள்ளி நின்று கவனி. நல்ல வடிவமைப்பு தானே பேச வேண்டும். நானும் கோப்பைகளைக் கொடுத்துவிட்டு, “பால் ஊத்திப் பாருங்க” என்று மட்டும் சொல்லி மூலையில் நின்றேன்.

செல்வி அடுப்பிலிருந்து இறக்கிய பாலை ஊற்றினாள். கரும்பச்சை மெல்ல மெல்லச் சிவந்தது. அவள் முகம் மலர்ந்தது.

“அட, பழுத்துருச்சு மிஸ்! இப்ப குடுக்கலாம்!”

பழுத்துவிட்டதா? அந்தச் சொல் எனக்குள் இறங்குவதற்குள் அவள் பக்கத்துக் குழந்தையை மடியில் இழுத்து, கோப்பையை அதன் வாய்க்குக் கொண்டுபோய்விட்டாள். நான் வீறிட்டபடி பாய்ந்து கோப்பையைத் தட்டிவிட்டேன். பால் முழுவதும் என் இடது கையில். குழந்தை என் அலறலுக்கே அழத் தொடங்கியது. அதன் உதடு நனையவில்லை. மூன்று தடவை தொட்டுப் பார்த்துத்தான் நம்பினேன்.

செல்வி என் கையைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கினாள்.

“செவப்புன்னா ஆபத்துன்னு தோணலையா?” என்று கேட்டேன்.

“மெளகு கொத்துல ஒண்ணு ரெண்டு செவந்தாத்தான் பறிப்போம். கோப்பிப் பழமும் செவந்தாத்தான். பச்சன்னா இன்னும் ஆகலைன்னுதானே மிஸ்?”

“சிக்னல் லைட்டுல சிவப்பு...” என்று தொடங்கினேன்.

“இங்க ஏது மிஸ் அதெல்லாம்?”

அவள் கேலியாகச் சொல்லவில்லை. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “நான் எப்பவும் மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். ஏழு வருசமா ஒரு பிள்ளைக்கும் வாய் பொள்ளுனதில்ல. இன்னைக்கித்தான் பாக்கல. கோப்பையே சொல்லுதேன்னு விட்டுட்டேன்” என்றாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன். தவறாமல் சூடு பார்த்த ஒரு கையை என் அறிவுள்ள பிளாஸ்டிக் சும்மா இருக்கச் சொல்லியிருக்கிறது. வெட்கத்தில் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“என் பேர எழுதிறாதீங்க மிஸ். தொரைக்கித் தெரிஞ்சா இந்த வேலையிலருந்து எடுத்துருவாங்க.”

“தப்பு உங்க மேல இல்ல, என் மேலதான்” என்றேன். அவள் நம்பிய மாதிரித் தெரியவில்லை.

3.40. மாத்தளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையிலிருந்து கொழும்புக்குத் தொலைபேசியில் பேசினேன். அச்சு வெட்ட வேண்டாம் என்றேன். மேலதிகாரி முழுவதையும் கேட்டார்.

“இதுக்குப் போய் அச்சை நிறுத்துறதா? சிவப்புன்னா சூடுன்னு ஒரு தாள் அடிச்சு உள்ள வச்சா முடிஞ்சுது. அந்த ஆயாவோட பேரென்ன? யார் பிழைன்னு அறிக்கையில போடணும்.”

“என் பெயரைப் போடுங்க” என்றேன். மறுமுனையில் சிரிப்பு. நான் சிரிக்காததால் அதுவும் நின்றது. திங்கட்கிழமை வந்து பேசச் சொல்லி வைத்துவிட்டார்.

கொழும்பு பஸ் கண்டியைத் தாண்டும்போது கை எரிந்துகொண்டிருந்தது. சோதனைச் சாவடியும் மனதில் இல்லை, திங்கட்கிழமையும் இல்லை. அந்தக் குழந்தை என் மகளை விடச் சின்னது, ஒன்றரை வயதிருக்கும். சூடான பாலை நோக்கி நம்பிக்கையோடு வாயைத் திறந்த அந்த முகம்தான் நின்றது. அதன் பெயர் என்னவென்று நினைத்துப் பார்த்தேன். நான் கேட்கவே இல்லை.