நாக்குப் படாத சாம்பார்

பலாபத்வலயில் றமீஸா சமைக்காத முஸ்லிம் கல்யாண வீடு குறைவு. அவள் ஆக்கிய சோற்றுச் சவனை, ஆறு பேர் சேர்ந்து உண்ணும் அந்தப் பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்தவர்கள் பேச்சை மறந்துவிடுவார்கள். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்காமல் அவள் எந்தச் சட்டியையும் அடுப்பிலிருந்து இறக்கமாட்டாள். "நாக்குத்தான் என்ட தராசு" என்பாள்.

அந்தத் தராசு இல்லாமல் அவள் ஒரே ஒரு நாள் சமைத்தாள். அது பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவின் மகள் தர்ஷிகாவின் கல்யாண நாள்.

அப்போது தை மாதக் கடைசி. றமழான் பிறக்கச் சில நாட்களே இருந்தன. போன வருடம் விடுபட்ட நோன்புகளில் கடைசியானதை றமீஸா அன்று பிடித்திருந்தாள். விடியற்காலை ஸுபஹ் தொழுதுவிட்டு எழும்போதே பாப்பம்மா பின்கதவில் நின்று அழுதாள். சமையலுக்குப் பேசியிருந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். இரத்தோட்டைத் தோட்டத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ரெண்டு பஸ்ஸில் வரப்போகிறார்கள்.

"மாப்பிள்ளையோட அத்தை சந்திரகாந்தாவோட வாயி உனக்குத் தெரியாது புள்ள. சோத்துல ஒரு குறைன்னா என் மகள ஆயுசுக்கும் குத்திக் காட்டும்."

றமீஸாவின் கணவன் பஸ்லி தயங்கினான். "நோன்போட எப்படி அடுப்படியில நிக்கப் போற?"

"அடுத்த வீட்டாட ஹக்கு, நாம செய்ய வேண்டிய கடமை இது. நாளைக்கு மறுமையில கேட்டா, நோன்பு புடிச்சிருந்தேன், அதால போகல்லன்னு சொல்லவா?"

"அவங்க சாமிக்குப் படைப்பாங்களே?"

அவள் அதைப் பாப்பம்மாவிடமே நேராகச் சொன்னாள். "அக்கா, உங்க சாமிக்கு வைக்கிறத நீங்களே தனியா ஆக்குங்க. நான் வாற சனத்தோட பசிக்கு ஆக்குறேன். கோவிக்க வாணாம்."

"இதுல என்னா கோவம்? முனியாண்டிக்கு என் கையால பொங்கினாத்தான் எறங்கும்."

றமீஸா தன் கரண்டிகளை எடுக்கவில்லை. மாட்டிறைச்சி கிண்டிய கரண்டி அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வெறுங்கையோடு போய், வாடகைச் சட்டிகளைக் கழுவி அடுப்பேற்றினாள்.

தேங்காய்களை இறக்கிவைக்க வந்த பஸ்லி மெதுவாகச் சொன்னான். "தேவைன்னா நாக்கு நுனியில வச்சுப் பாத்துத் துப்பலாம், நோன்பு முறியாதுன்னு பள்ளிவாசல் ஹஸ்ரத் பயான்ல சொன்னாரே."

"தெரியும். என்ட மார்க்கம் விடுது. இந்த வீடு விடாதே."

முனியாண்டிக்குப் படையல் முடியும்வரை கல்யாணச் சமையலில் யாருடைய நாக்கும் படக்கூடாது என்பது பாப்பம்மா வீட்டு வழக்கம். தாலி கட்டி, படையல் போட்டதும் பந்தி. உப்புக் கூடினாலும் குறைந்தாலும் முதலில் அறியப்போவது சந்திரகாந்தாவின் நாக்குத்தான்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மேளச்சத்தம் கேட்கத் தொடங்கிய நேரத்தில் பாப்பம்மா பட்டுச்சேலை சரசரக்க அடுப்படிக்கு வந்தாள்.

"கவலப்படாத புள்ள. நோன்புக்காரி ருசி பாக்க ஏலாதே, உப்ப மறந்திருப்பியோன்னு, நீ அந்தப் பக்கம் போனப்ப நானே சாம்பாருல ரெண்டு கை போட்டுட்டேன்."

றமீஸாவின் கை அப்படியே நின்றது. "யா அல்லாஹ்! நானும் ரெண்டு கை போட்டேனே அக்கா!"

பாப்பம்மா பட்டுச்சேலையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, கடலையே காய்ச்சி வச்சிருக்கோமே! சந்திரகாந்தா..."

"சந்திரகாந்தா கெடக்கட்டும். உங்க கையக் காட்டுங்க."

பாப்பம்மா கையை நீட்டினாள். றமீஸா தன் உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். விரலுக்கு விரல் சரியாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரே அளவுதான். ரெண்டு சாம்பாருக்கான உப்பு ஒண்ணுல கெடக்கு. அப்ப இன்னொரு சாம்பார் வைப்போம்!"

பிஸ்மி சொல்லிச் சாம்பாரில் பாதியை வெறும் சட்டிக்கு மாற்றினாள். பாயாசத்துக்கென்று அவித்திருந்த பருப்பை இரண்டிலும் கொட்டினாள். புளி கரைத்தாள், பூசணிக்காயை வெட்டிப் போட்டாள், உப்பு வைத்திருந்த சட்டியைத் தூக்கி முற்றத்தில் வைத்தாள். "இனி யாரும் அதத் தொடப்படாது! பாயாசத்துக்குச் சவ்வரிசி போதும்." இரண்டாம் சட்டி கொதித்து வரவும் உள்ளே கெட்டிமேளம் முழங்கியது.

மாப்பிள்ளை வீட்டார் வந்திறங்கியது ரெண்டு பஸ்ஸில் அல்ல, மூன்றில் என்பது பந்தி விரித்தபோதுதான் தெரிந்தது. இரட்டைச் சாம்பார் இல்லாவிட்டால் அன்று பாப்பம்மாவின் மானம் போயிருக்கும்.

சந்திரகாந்தா முதல் பந்தியில் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கவளம் வாயில் வைத்தாள், மென்றாள், கையை நிறுத்தினாள்.

"சாம்பார் யாரு வச்சது?"

பாப்பம்மா முன்னால் வந்தாள். "பக்கத்து வீட்டு றமீஸாங்க. நோன்போட வச்சா."

சந்திரகாந்தா அடுப்படி வாசலில் முக்காட்டோடு நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ருசி பாக்காமயா?"

"பாக்கலீங்க" என்றாள் றமீஸா.

"பாக்காமயே இப்பிடின்னா, பாத்து வச்சிருந்தா நான் எலைய விட்டு எந்திரிக்கவே மாட்டேன் போல. ஏம்ப்பா, சாம்பார் வாளியோட நின்னு வேடிக்க பாக்குற? ஊத்து இன்னொரு கரண்டி!"

பந்தியே சிரித்தது. பாப்பம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மஃரிப் பாங்கு கேட்டு றமீஸா பேரீச்சம்பழத்தைக் கடித்து நோன்பு திறந்தபோது, பாப்பம்மா இரண்டு சட்டிகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள். இரண்டும் வழித்துத் துடைத்தாற்போல் காலி.

"பாவி நான், உனக்கு ஒரு கரண்டி எடுத்து வைக்க மறந்துட்டேனே!"

அடுத்த வாரமே பாப்பம்மா புதுக் கரண்டிகள் வாங்கிக் கொடுத்தாள். அவை றமீஸாவின் சுவரில் தனி ஆணியில் தொங்குகின்றன. மரக்கறிக் கல்யாணங்களுக்கு மட்டும் இறங்கும். இரத்தோட்டைப் பக்கத்திலிருந்து இப்போது அடிக்கடி அழைப்பு வருகிறது. அந்தச் சாம்பார் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் றமீஸா தலையை நிமிர்த்திச் சொல்வாள்:

"என்கிட்டக் கேக்காதீங்க. சந்திரகாந்தாக்காகிட்டப் போய்க் கேளுங்க."