மலை இறங்கிப் பிறந்தவர்கள்

மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்று மாலை ஐந்து மணிதான் கெடு. கேரளத்துக்காரி என்ற சான்றிதழ் மட்டும் பாக்கி. நான்கு மணிக்கு உடும்பஞ்சோலை வில்லேஜ் ஆபீசில் நிற்கிறோம்.

"பாப்பா பொறந்தது போடியிலயா?" என்றார் அதிகாரி.

"தலைப்பிரசவம் சார். மலைக்குக் கீழ தமிழ்நாட்டுல, அவ அம்மாவோட தாய்வீட்டுல."

"அப்ப நீங்க இங்க பொறந்ததுக்கு சர்ட்டிபிகேட் குடுங்க, போதும்."

"நானும் தலைப்பிள்ளைதான் சார். நானும் கீழதான், கம்பத்துல எங்கம்மாவோட தாய்வீட்டுல பொறந்தேன்."

மகள் என்னை முறைத்தாள். கடிகாரம் ஓடியது.

அதிகாரி அவளுடைய பள்ளிச் சான்றிதழ்களைப் புரட்டினார். "பன்னெண்டு வருசமும் இங்கதான் படிச்சிருக்கு. எழுதித் தாறேன், இருங்க."

நான்கு ஐம்பதுக்குக் கையெழுத்து. வாசலில் நின்றே போனில் ஏற்றி முடித்தோம்.

"என்னையப் போடியில கட்டிக் குடுத்தா, தலைப்பிரசவத்துக்கு இங்க வரமாட்டேன்ப்பா. எம்பிள்ளையும் இப்பிடி சர்ட்டிபிகேட்டுக்கு அலையணுமா? இப்பவே சொல்லிட்டேன்" என்றாள்.

இதை அவள் அம்மாவிடம் யார் சொல்வது? தைரியசாலிகள் கமெண்டில் வரலாம்.