பதினோரு மாதச் சுவர்

இந்த ஊரில் பெயரைக் கேட்பதற்கு முன் வாடகையைக் கேட்கிறார்கள். அடையாறு சந்தில் கீரை விற்கும் அம்மாள், ஈக்காட்டுத்தாங்கல் அலுவலகத்துக்கு என்னைக் கொண்டுபோகும் ஆட்டோக்காரர், யாராக இருந்தாலும் சரி. என் தமிழ் வேறு பக்கம் சாய்வதைக் கண்டுபிடித்து, மலேசியாவா என்று வியந்து, அடுத்த மூச்சிலேயே, "வாடகை இன்னா குடுக்கற?" என்பார்கள். சொன்னால் உச்சுக் கொட்டி, நல்லா ஏமாத்திட்டாங்க என்பார்கள். என் ஊர் ஈப்போவில் பக்கத்து வீட்டுச் சீன அம்மா, நாங்கள் குடிபோன நாளிலிருந்து ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: சாப்பிட்டாச்சா?

கணவர் இறந்தபின் அந்த வீட்டின் அகலம் எனக்குத் தாங்கவில்லை. படங்களுக்கு மலாய் வசனவரிகள் எழுதும் வேலை இங்கே கிடைத்ததும், வீட்டை ஓர் இளம் ஆசிரியருக்கு வாடகைக்கு விட்டுவிட்டு விமானம் ஏறினேன். அங்கே வீட்டுக்காரி, இங்கே குடித்தனக்காரி. மயிலாப்பூரில் ஒரு மாமி, "தனியாவா இருக்கேள்? ஆத்துல மீன் கீன் சமைக்கப்படாது" என்று கதவைப் பாதி திறந்தபடியே பேசி அனுப்பினார். இன்னோரிடத்தில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். எங்கள் ஊரில் இரண்டு மாதம், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் அரை மாதம், அவ்வளவுதான். ஒரு முழம் மல்லிகையைக்கூட ரிங்கிட்டாக மாற்றிப் பார்க்கும் நோய் அப்போது பிடித்தது.

கடைசியில் கரீம் பாய் மாடியைக் கொடுத்தார். தி.நகரில் பொத்தானும் லேஸும் விற்பவர். என்ன சாப்பிடுவாய், யார் வருவார்கள் என்று எதுவும் கேட்கவில்லை. "தண்ணி லாரி வரச்சொல்ல மோட்டார் போடணும், தெரியும் இல்ல?" என்றார். கையெழுத்துப் போட்ட தாளில் பதினோரு மாதம் என்று இருந்தது.

எங்கள் நாட்டில் தாள் என்றால் தாள்தான். முடியும் நாளில் சாவி கைமாறிவிடும். அதனால் மாடியில் விருந்தாளியைப் போல வாழ்ந்தேன். செடி வாங்கவில்லை. சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை. சுவர்க்கண்ணாடி தரையில் சாய்ந்தே நின்றது. காலையில் அதில் என் புடவைக் கொசுவம் தெரியும், முகம் வேண்டுமென்றால் குனிய வேண்டும். பாயின் மனைவி ஷாஹிதா அக்கா சீரியல் பார்க்கக் கீழே கூப்பிடுவார். வேலை இருக்கிறது என்பேன். போகப் போகிறவளுக்கு எதற்குப் பழக்கம்? பிறகு அவரும் கூப்பிடுவதை விட்டுவிட்டார். தரை வழியாக ஏறிவரும் சீரியல் அழுகையைக் கேட்டபடி சோறு தின்றேன்.

பதினோராம் மாதம் அட்டைப்பெட்டிகள் வாங்கினேன். கொட்டிவாக்கத்தில் ஒரு வீடு பார்த்தேன். காற்று நன்றாக இருந்தது, வாடகை மூச்சை நிறுத்தியது. அந்த வாரம் பார்த்து ஈப்போ ஆசிரியர் சரவணன் அழைத்தார். ஒப்பந்தம் முடிகிறது, நான் திரும்பி வருகிறேனா, இல்லை அவர்கள் தொடரலாமா என்றார். மனைவி மாசமாக இருக்கிறாள், அதனால்தான் கேட்கிறேன் என்றார். அடுத்த மாதம் எங்கே தூங்குவேன் என்றே தெரியாத நான், பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மோட்டார் பார்க்க மாடி ஏறிய பாய் பெட்டிகளைப் பார்த்துவிட்டார்.

"இன்னாமா, காலி பண்றியா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"பதினோரு மாசம் முடியுதே பாய்."

பாய் படியில் உட்கார்ந்து சிரித்தார். "அது பேப்பருக்குத்தாம்மா. அதுக்கு மேல போட்டா ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு அலையணும். பின்னாடி சந்துல ஒருத்தன் பதினோரு மாசம்னு வந்து, இங்கியே இருந்து பொண்ணுக்குக் கல்யாணமே பண்ணி வச்சிட்டான்."

சிரிப்புச் சத்தம் கேட்டு ஏறிவந்த ஷாஹிதா அக்கா சிரிக்கவில்லை. "நீ இருக்கப் போறவ இல்லன்னு எனக்கு வந்தன்னிக்கே தெரியும்," என்றார். "இருக்கறவங்க முதல் நாளே ஆணி அடிப்பாங்க."

அவர் கீழே போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். சுத்தியலோடு வந்தார்.

கண்ணாடி ஏறியது. ஒரு வருடத்தில் நரை காதுவரை வந்திருப்பதை நின்றபடியே பார்த்தேன். அங்கேயே நின்று சரவணனை அழைத்து, இருந்துகொள்ளுங்கள் என்றேன். அவர் குரல் இளகியது.

"அக்கா, இன்னொண்ணு. பிள்ளைக்குத் தொட்டில் மாட்ட ஹால் சீலிங்ல ஒரு கொக்கி போட்டுக்கலாமா? ஓட்ட போடணும் லா."

எங்களுக்கு ஒருபோதும் தேவைப்படாத கொக்கி. போட்டுக்குங்க என்றேன். துளைக்கருவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டிருப்பார் போல. உடனே சத்தம் எழுந்தது. என் வீட்டுக் காரை உதிரும் ஓசை காதில் விழ, பாய் வீட்டுச் சுவரில் என் முகம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.