விரிசலின் முனை

கார்மோய்த் தீவில் தோர்கில்ஸ் என்றால் அஞ்சாத ஆள் என்று பெயர். சுத்தப் பொய். கடலில் எண்ணெய் எடுக்கும் மேடைகளின் இரும்புக் கால்களைச் சோதிக்க இருபது வருடமாகக் கடலுக்குள் இறங்கிய அந்த மனிதருக்கு, இறங்கும்போதெல்லாம் பயம்தான். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் பிப்ரவரியில் மேடைக் கால்களை இணைக்கும் ஒரு குறுக்குக் குழாயின் வெல்டிங் ஓரத்தில் பாசியைச் சுரண்டிவிட்டு, விரிசல் இருந்தால் அதில் ஒட்டி ஒளிரும் காந்தப் பொடியைத் தூவினார். மெல்லிய பச்சைக் கோடு தெரிந்தது. விரிசல்! அலை கடக்கும்போது திறந்தது, அடுத்த அலைக்கு மூடியது. வருடக்கணக்காக அலைகள் ஆட்டி ஆட்டியே இரும்பு களைத்துப் போயிருந்தது.

விரிசலின் முனையில் துளை போட்டால் அது மேற்கொண்டு ஓடாது. ஆனால் முனை துளைக்குள் அகப்பட வேண்டும். மயிரிழை தவறினாலும் துளை போட்டு ஒரு பயனும் இல்லை; பெரிய அலையில் மேடையே சாயலாம். துளைத்தார். முனை அகப்பட்டதா என்று மறுபடி பொடி தூவிப் பார்ப்பதற்குள் கடல் பொங்கவே, அவரை மேலே இழுத்துவிட்டார்கள்.

மேடைத் தலைவர் ரைடார் காத்திருந்தார்.

"புயல் வருது. முனை மாட்டிக்கிச்சா? இல்லன்னா எண்ணெயை நிறுத்திட்டு எல்லாரையும் ஹெலிகாப்டர்ல ஏத்தணும். கம்பெனிக்காரன் என் தோலை உரிப்பான்."

"மாட்டிக்கிச்சு."

வாய் தானாகச் சொன்னது. தெரியாது என்றால் கிழவன் பயந்துவிட்டான் என்பார்களே!

நேராகச் சமையலறைக்கு ஓடினார். அங்கே சமையல்காரி அவருடைய மகள் ஓஸ்லாக்.

"பையை எடு. ஷிப்ட் முடிஞ்சு ஹெலிகாப்டர்ல போறவங்களோட கிளம்பிடு."

"என்னப்பா திடீர்னு? மீன் அடுப்புல இருக்கு."

"கருகினா கருகட்டும்!"

அவரே அவள் கோட்டை எடுத்து நீட்டினார். அடுப்பை அணைத்தாள். தட்டோடு வரிசையில் நின்றவர்களில் ஒருவன், "அப்பன் வந்தா எங்களுக்குப் பட்டினியா?" என்று கத்தினான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஓஸ்லாக் குரலைத் தாழ்த்தினாள். "அப்ப இவங்கல்லாம்?"

தோர்கில்ஸ் திரும்பி ரைடாரின் அறைக்குப் படியேறினார்.

"ரைடார், பொய் சொல்லிட்டேன். முனை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. பயமா இருக்குய்யா."

ரைடார் காதுகொடுத்துக் கேட்க முடியாதபடி வைதார். வைதுகொண்டே போனை எடுத்து, இருக்கிற ஹெலிகாப்டர்களையெல்லாம் அனுப்பச் சொன்னார். பிறகு தோர்கில்ஸைப் பார்த்தார்.

"முதல் நடையில உம் பொண்ணை ஏத்திடவா?"

தோர்கில்ஸ் கீழே சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"வேணாம். வரிசைப்படியே வரட்டும்."