காலியாகத் தெரிந்த இடம்

அப்போது நான் ஒரு நாளிதழில் வேலை பார்த்தேன். ஞாயிறு இணைப்புக்காக விமானப் பயிற்சியைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மதுரையிலிருந்து கிளம்பிய நான்கு இருக்கை விமானத்தில் இடப்பக்கம் ஒரு மாணவி, அவளுக்குப் பக்கத்தில் பயிற்றுநர், பின்னால் நான். இரண்டு பேரும் சென்னைக்காரர்கள். பயிற்றுநரை எல்லோரும் கேப்டன் என்றே அழைத்தார்கள். அவர் இந்தப் பக்கம் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

எஞ்சின் நின்றுபோனால் எப்படி இறங்குவது என்பது அன்றைய பாடம். கேப்டன் முன்னறிவிப்பு இல்லாமல் எஞ்சினின் வேகத்தை அடியோடு குறைத்துவிடுவார். எஞ்சின் செத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு மாணவி ஓர் இடத்தைத் தேர்ந்து, அதை நோக்கிச் சறுக்கி வர வேண்டும். தரை நெருங்கியதும் எஞ்சினை முடுக்கி மறுபடி மேலே ஏறிவிடுவார்கள்.

விருதுநகரைத் தாண்டி ஆமத்தூர்ப் பக்கம் திரும்பியபோது இரைச்சல் சட்டென்று அடங்கியது.

"எஞ்சின் போச்சு. எங்க இறங்குவே?"

அவள் ஐந்து விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. "லெஃப்ட்ல சார். வெள்ளையா குட்டிக் குட்டி ரூமா இருக்கே, அதுக்கு நடுவுல. மரம் இல்ல, கம்பி இல்ல, சமமா இருக்கு."

"குட். காத்தும் எதிர்க்கத்தான் வருது. போ."

நான் எட்டிப் பார்த்தேன். அது பட்டாசு ஆலை. விருதுநகரில் பிறந்தவனுக்கு அதைச் சொல்லப் பலகை வேண்டாம். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறை பற்றக் கூடாது என்பதற்காக அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவார்கள். அந்த இடைவெளியைத்தான் அவள் ஓடுதளமாகப் பார்த்தாள். மேலிருந்து பார்க்க எனக்கும் நல்ல மைதானமாகத்தான் தெரிந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இது பயிற்சி, எப்படியும் மேலே ஏறிவிடப்போகிறோம். தவிர, எழுதப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு பார்ப்பது என் தொழில் பழக்கம். இறங்கியபின் டீ குடிக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

ஆயிரத்து ஐந்நூறு அடியில் கேப்டன் எஞ்சினைச் சோதிக்க ஒருமுறை முடுக்கினார். அது இருமியது, வேகம் ஏறவில்லை. இன்னொரு முறை முடுக்கினார். அப்போதும் இருமல்தான்.

"கையை எடு. கண்ட்ரோல் எங்கிட்ட."

எரிபொருள் திருகு, சாவி, இன்னும் இரண்டு குமிழ்கள் என்று வரிசையாகத் தொட்டார். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று ரேடியோவில் சொன்னார். குரலில் பிசிறு இல்லை. ஆனால் விமானத்தின் மூக்கு அந்த வெள்ளை அறைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கேப்டன், அது பட்டாசு கம்பெனி. ரூமுக்கு ரூம் வெடிமருந்து இருக்கும், ஆளும் இருக்கும்."

அவர் திரும்பவில்லை. "வேற இடம் சொல்லுங்க. உங்க ஊர்தானே?"

"வலது பக்கம் கறுப்பா வரி வரியா தெரியுது பாருங்க. சோளம் அறுத்த நிலம்."

"கல்லு?"

"கரிசல், கல்லு இருக்காது. வெடிப்பு இருக்கும். நடுவுல ஒரு வரப்பு போகுது, அதைத் தாண்டி இறக்குங்க."

விமானம் வலப்பக்கம் சாய்ந்தது. வெள்ளை அறைகள் இடது சக்கரத்துக்குக் கீழே நழுவிப் போயின. தரையில் மோதி நெளிந்து சிக்கிக்கொள்ளாமலிருக்கக் கதவுகளை முன்கூட்டியே திறந்துவைக்கச் சொன்னார் கேப்டன். வரப்பு கடந்தது. சோளத் தட்டைகள் சக்கரங்களில் படபடவென்று அடித்தன. மூன்று முறை துள்ளி, முன்சக்கரம் ஒரு வெடிப்பில் சிக்கி நின்றோம். யாருக்கும் கீறல்கூட இல்லை.

ஆலையிலிருந்து போர்மேன் ஓடிவந்தார், பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள். பாதி தூரத்தில் நின்று கைகளை விரித்து அவர்களை மறித்தார். "ஏ, அங்கனயே நில்லுங்க! சார், பெட்ரோல் ஒழுகுதா?"

"இல்ல."

"செல்போன அமத்துங்க. அடி கிடி பட்டுருக்கா?"

"இல்ல."

"அப்பச் சரி. தண்ணி குடிக்கீகளா?"

முழங்கை வரை வெள்ளி நிறப் பொடி படிந்திருந்த ஒரு பெண் சொம்பை நீட்டினாள். "வெடிச்ச சத்தம் கேட்டுத்தான் ஓடுவோம். இன்னைக்குச் சத்தம் நின்னு போனதுக்கு ஓடியாந்திருக்கோம்" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள் மாணவி. போர்மேன் எங்களை வாசல் வரை மட்டும் விட்டார். அறைகளுக்கு நடுவே முழங்கால் உயரத்துக்குச் சிமென்ட் மேடைகள்; அவற்றின் மேல் மருந்து அடைத்த பூச்சட்டிப் புஸ்வாணங்கள் வரிசை வரிசையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. மண்ணும் மேடையும் ஒரே நிறம்.

"இது தெரியவே இல்லையே" என்றாள்.

"அங்கன இருந்து பாத்தா என்ன தாயி தெரியும்?" என்றார் போர்மேன்.

திரும்பி வந்தபோது கேப்டன் விமானத்தின் வால்மேல் வரைபடத்தை விரித்துவைத்திருந்தார். "அவ அந்த இடத்தைக் காட்டினப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"தெரியும்."

அவர் திட்டவில்லை. பென்சிலை என்னிடம் கொடுத்தார். "கம்பெனி எல்லாத்தையும் வட்டம் போடுங்க."

நாலு வட்டத்தோடு என் அறிவு தீர்ந்தது. பென்சில் போர்மேன் கைக்குப் போனது. "லைசென்ஸ் உள்ளது மட்டும் போதுமா? இல்லாததும் போடணுமா?"

"எல்லாம் போடுங்க."

வட்டங்கள் பெருகின. சிவகாசிப் பக்கம் தாளே தெரியவில்லை. "அப்ப எங்கதான் இறங்குறது?" என்றாள் மாணவி.

"கம்மாக்குள்ள எறங்கு தாயி. தண்ணியா கெடக்கு, முங்கிப் போறதுக்கு?"

"உள்ள மரம் இருக்காதா?" என்றார் கேப்டன்.

போர்மேன் யோசித்தார். கருவேலம் அடையாத கண்மாய் எது என்று பெண்களிடம் கேட்டார். ஆளுக்கொரு பெயர் சொல்லி, அடுத்தவள் சொன்னதை மறுத்தார்கள். கடைசியில் இரண்டு தேறின. மாணவி பென்சிலை வாங்கி, அந்த இரண்டையும் அழுத்திக் குறித்துக்கொண்டாள்.