பெடலில் கட்டிய கால்

கரண்ட் ஆபீசில் மீட்டர் பார்க்கிற வேலை எனக்கு. பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை வரைக்கும் சைக்கிளில் போய், யார் வீட்டு மீட்டர் ஓடுகிறது, யார் வீட்டில் லைன் கம்பியில் கொக்கி மாட்டிவிட்டு மீட்டரைத் தூங்க வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். மோர் கொடுத்து உபசரிக்கிற வீட்டில்தான் நான் முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பேன். பத்து வருஷம் இதையே செய்தவனுக்கு வேறு புத்தி எப்படி வரும்?

எழுபதுகளின் கடைசியில் என் தங்கைக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை கீழப்பழுவூர்க்காரர், பட்டாளத்தில் ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். நகை வேண்டாம், சீர் வேண்டாம், பெண்ணைக் கொடுங்கள் போதும் என்றார். வீட்டில் எல்லோரும் உருகிப்போனார்கள். எனக்கு மட்டும் சுருக்கென்றது. எதுவுமே கேட்காத மனிதரிடம் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நினைத்தேன். கீழப்பழுவூரில் மூன்று பேரிடம் விசாரித்தேன். மூன்று பேரும் தங்கமான மனிதர் என்றார்கள். அதெப்படி மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள் என்று சந்தேகம் இன்னும் கூடியது. தங்கையை அனுப்பிவிட்டேனே தவிர, அவளை எவன் கையில் கொடுத்திருக்கிறோம் என்பது தெரியாமல் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

பொங்கலுக்கு அப்போதெல்லாம் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு சைக்கிள் பந்தயம் விடுவார்கள். ஜெயித்தவருக்கு எவர்சில்வர் குடம். வருஷா வருஷம் நானும் ஓட்டுவேன், நடுவில் எங்கேயாவது வருவேன். அந்த வருஷம் மாப்பிள்ளையும் பேர் கொடுத்தார். கொடுத்த கையோடு ஒரு துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே இரண்டு ஜோடி பெடல்.

"ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு மச்சான். பட்டாளத்துல ரேசுக்கு இதத்தான் மாட்டுவோம்."

பெடலின் முனையில் இரும்புக் கம்பியால் ஒரு கூடு. கேன்வாஸ் ஷூ போட்ட காலை அதற்குள் நுழைத்து, மேலே இருக்கிற தோல் வாரை இழுத்துவிட்டால், காலும் பெடலும் ஒன்றாகிவிடும். மிதிக்கும்போது மட்டுமில்லை, காலைத் தூக்கும்போதும் வண்டி ஓடுமாம். வெளியே வர, குனிந்து வாரைக் கடித்துப் பிடித்திருக்கிற பக்கிளைக் கட்டைவிரலால் தட்ட வேண்டும்.

"காலைக் கட்டிப்புட்டா மாடே ஓடாது. மனுசன் ஓடுவானா மாப்ள?" என்றேன்.

"பழகிட்டா விடமாட்டீங்க, பாருங்க," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பழகுவதா? நாம் சைக்கிளிலிருந்து இறங்குகிற விதம் என்ன? வலது காலைப் பின்னால் வீசி இடது பக்கம் கொண்டுவந்து, இடது காலைக் கடைசியாகப் பெடலிலிருந்து எடுப்போம். அந்த இடது கால் கட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்பது வேப்பந்தட்டை ரோட்டில் தெரிந்தது. எதிரே என் பெரியப்பா நடந்து வந்தார். வரப்புத் தகராறில் எட்டு மாதமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனாலும் பெரியவர் எதிரே வந்தால் வண்டியை விட்டு இறங்காமல் போக முடியுமா? வழக்கம்போல வலது காலை வீசினேன். இடது கால் வரவில்லை. சைக்கிளோடு சேர்ந்து அவர் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

பெரியப்பா பதறிப்போனார். "எந்திரிடா. நானும் கோவத்துல பேசிப்புட்டேன். அதுக்காக நடுரோட்டுலயா கால்ல வுழுவ?"

நான் விழுந்ததற்குக் காரணம் வார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை விழுந்தேன். ஒன்று பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸே நின்று வேடிக்கை பார்க்க. முழங்கை தேய்ந்தது. மாப்பிள்ளையோ ஒரு தடவைகூட விழவில்லை. நிற்பதற்கு முன் கை தானாகக் கீழே போகும், கால் விடுபட்டு நிற்கும். கவனித்துப் பார்த்தேன். என் வார் புத்தம் புதுசு, பக்கிள் முறுக்கமாகக் கடித்துக்கொண்டு நின்றது. அவருடையது பழசு, தோல் கறுத்து வழவழவென்று இருந்தது. பளிச்சென்று விஷயம் பிடிபட்டது. பழகிய சரக்கைத் தனக்கு வைத்துக்கொண்டு, கடிக்கிற புதுசை என் தலையில் கட்டியிருக்கிறார். ஊர் முன்னால் மச்சானை மண்ணைக் கவ்வ வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிப் போகிற திட்டம். ஒரு குடத்துக்கே இப்படி என்றால் என் தங்கை கதி என்ன?

காணும் பொங்கல் காலையில் பந்தயம். பழைய பஸ் ஸ்டாண்டில் வண்டிகளைச் சாத்திவிட்டு மாப்பிள்ளை டீ குடிக்கப் போனார். பெடலைக் கழற்றத்தான் ஸ்பேனர் வேண்டும், வாரை உருவ விரல் போதும். என் புது வாரைப் பக்கிளோடு அவர் பெடலிலும், அவருடைய பழசை என் பெடலிலும் மாட்டினேன். வெட்கப்படவில்லை. கொக்கி போட்டவனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரிதான் இருந்தது.

திரும்பி வந்தவர் உடனே பார்த்துவிட்டார். தன் பெடலைப் பார்த்தார், என் பெடலைப் பார்த்தார், பிறகு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். குட்டு வெளிப்பட்டவனின் முழி என்று எனக்குள் சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

பாதி வழிவரை பிரமாதம். உண்மையாகவே காலைத் தூக்கும்போதும் வண்டி ஓடியது. மாப்பிள்ளை முன்னால் மூன்றாவதாகப் போனார், நான் அவர் முதுகை விடாமல் பார்த்துக்கொண்டு நூறு அடி பின்னால். திடீரென்று பருத்திக்காட்டிலிருந்து கொம்பில் சாயமும் கழுத்தில் மாலையுமாக மாட்டுக்கூட்டம் ரோட்டில் ஏறியது. பிரேக் பிடித்துவிட்டுக் குனிந்து பக்கிளைத் தட்டினேன். அசையவில்லை. இழுத்தேன், இன்னும் இறுகியது. ஒரு மயிலைக் காளையின் வயிற்றில் மோதிச் சாய்ந்து, சைக்கிளைக் காலோடு இழுத்துக்கொண்டு ரோட்டோரக் கப்பிக்கல்லில் உருண்டேன்.

முன்னால் போன மாப்பிள்ளை சத்தம் கேட்டுத் திரும்பி வந்தார். பின்னால் வந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மண்டிபோட்டு, நகத்தைப் பக்கிளுக்குள் விட்டு ஒரு பக்கமாக நெம்பினார். கால் விடுபட்டது.

"பல்லு வளைஞ்ச பக்கிள் மச்சான் இது. இறுக்கிட்டா வுடாது, இப்படி நெம்பத் தெரியணும். அதனாலதானே இத நான் வச்சுக்கிட்டு நல்லத உங்களுக்குக் குடுத்தேன்." கைக்குட்டையை என் முட்டியில் கட்டினார். "காலையில பாத்ததுமே புரிஞ்சுபோச்சு. தங்கச்சி புருசன் விழுந்துடக் கூடாதுன்னு இத நீங்க எடுத்துக்கிட்டீங்க. சொல்ல வுட்டாங்களா, விசிலடிச்சுட்டானுங்க."

எனக்கு வலியைவிட அவமானம் பொறுக்க முடியவில்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

குடம் யாருக்கோ போனது. சைக்கிள்களை பஸ்மேல் ஏற்றிக்கொண்டு கீழப்பழுவூர் போய்ச் சேர்ந்தோம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டார். "உங்கண்ணன் மாதிரி யாரு இருப்பா? பழுது எதுன்னு கண்டுபிடிச்சு, அதத் தான் மாட்டிக்கிட்டாரு."

தங்கை குழம்புக் கரண்டியோடு நின்றாள். சின்ன வயசில் வேர்க்கடலையைப் பங்கு போட்டுக் கொடுத்தால் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தின்பேன் என்பது அவளுக்குத் தெரியும். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். மாப்பிள்ளை கைகழுவ எழுந்து போகிறவரை காத்திருந்தாள்.

"அவரு சொல்றது நெசமாண்ணே?"

நான் இலையைப் பார்த்தபடி, "நெசந்தான்," என்றேன்.

இன்னொரு கரண்டி குழம்பை என் சோற்றில் ஊற்றினாள்.

"அப்ப இனிமே அவரு சொல்ற மாதிரியே இருந்துட்டுப் போண்ணே," என்றாள்.